காசாபிளாங்காவின் மேஜர் ஸ்ட்ராஸர்: நாஜிகளை விட்டு ஓடியவர் நாஜியாகவே நடித்த கதை (கான்ராட் ஃபைட் ரசிகர்கள் வரலாம்)

ரீல்பெட்டி:

காசாபிளாங்கா (1942) படத்தில் விமானத்திலிருந்து இறங்கி விறைப்பாக நடந்து வருவார். கடைசியில் டெலிபோனைப் பிடித்தபடி குண்டு வாங்கிச் சாவார். அந்த மேஜர் ஸ்ட்ராஸரின் முகம் எல்லோருக்கும் நினைவிருக்கும், பெயரைக் கேட்டால்தான் முழிப்போம். கான்ராட் ஃபைட். 1893 ஜனவரி 22 அன்று பெர்லினில் பிறந்தவர். 1943 ஏப்ரல் 3 அன்று லாஸ் ஏஞ்சலஸில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். வயது 50தான். காசாபிளாங்கா அமெரிக்கா முழுக்கத் திரைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இவர் யூதர் இல்லை. மனைவி லில்லி யூதப் பெண். 1933இல் ஹிட்லர் வந்ததும் சினிமாக்காரர்களிடம் இனம் என்ன என்று எழுதி வாங்கினார்கள். அந்தப் படிவத்தில் ஃபைட் "யூதன்" என்று எழுதினார். தனக்குப் பொருந்தாத, ஆனால் தன்னைச் சிக்கவைக்கக்கூடிய பதிலை வேண்டுமென்றே எழுதியவர். அந்த வருஷம் ஏப்ரலில் கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் இங்கிலாந்து போய்விட்டார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு ஹாலிவுட்டில் கடைசி மூன்று வருஷம் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் நாஜி வேஷம், இல்லையென்றால் அதற்குப் பக்கத்து வீட்டு வேஷம்.

இதைக் கொடுமை என்று சொல்வதா, அவரே தெரிந்து செய்த வேலை என்று சொல்வதா? எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு. உங்கள் கட்சி என்ன?

செகண்ட்ஷோ செல்வம்:

அண்ணே, தீஃப் ஆஃப் பாக்தாத் (1940) ஜாஃபர் இவர்தானா? கறுப்புத் தலைப்பாகை, கண்ணாலேயே ஆளை மடக்குற மந்திரவாதி! சின்ன வயசுல அந்தக் கண்ணுக்குப் பயந்து திரும்பிப் படுத்தவன் நான். எங்க வீட்ல பாக்தாத் திருடன்னா எம்ஜிஆர் படம்தான், அப்பா அதைத் தவிர வேற எதையும் ஒத்துக்க மாட்டார். ஆனா வில்லன்னு வந்தா இந்த வெள்ளைக்காரர்தான். டிஸ்னி அலாவுதீன்ல வர்ற ஜாஃபரே இவரைப் பாத்துப் போட்டதுதானே?

ரீல்பெட்டி:

அவரேதான் செல்வம். கூட நடித்த பையன் சாபு, நம்ம மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன். படத்தை லண்டனுக்கு வெளியே டென்ஹாம் ஸ்டூடியோவில் ஆரம்பித்தார்கள். நடுவில் உலகப் போர் வெடித்ததால் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா மூட்டை முடிச்சோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் முடித்தார். ஒளிப்பதிவு, கலை, விசேஷக் காட்சிகள் என்று மூன்று ஆஸ்கர்.

நிழலாட்டம்:

இழைக்கு நன்றி ரீல்பெட்டி. நீங்கள் வாலிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள், நான் தலையிலிருந்து வருகிறேன்.

ஃபைட்டின் அப்பா அரசு உத்தியோகஸ்தர், கண்டிப்பானவர். அண்ணன் ஒருவன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் இறந்துபோனான். அப்பாவுக்கு இருதய நோய் வந்தபோது, குடும்பத்தால் முடியாது என்று தெரிந்து அறுவை மருத்துவர் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டாராம். அதைப் பார்த்துப் பையனுக்கு டாக்டர் ஆகும் ஆசை. ஆனால் படிப்பு ஏறவில்லை. பள்ளியில் வகுப்பிலேயே கடைசி. அப்புறம் நாடகப் பைத்தியம் பிடித்து, பெர்லினில் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் டாய்ச்சஸ் தியேட்டரில் ஒட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் ஜெர்மன் மொழி பேசும் உலகத்தில் நடிகனாக வேண்டுமென்றால் ரைன்ஹார்ட்டின் வாசல்தான்.

முதல் உலகப் போரில் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பினார்கள். மஞ்சள் காமாலையும் நிமோனியாவும் சேர்ந்து வந்து ஆளைச் சாய்த்துவிட்டன. உடம்பு தேறி, போர்முனை நாடகக் குழுக்களில் நடித்து, 1917இல் ராணுவத்திலிருந்து விடுபட்டுப் பெர்லின் திரும்பினார். இரண்டு வருஷத்துக்குள் சினிமாவில் பெரிய ஆள்.

கலிகாரி (1920) பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிப் பேசவே முடியாது. தூக்கத்தில் நடக்கும் ஒருவனைப் பெட்டியில் வைத்துச் சந்தைக் கூடாரத்தில் வேடிக்கை காட்டி, அவனைக் கொலைக்கு ஏவிவிடும் டாக்டரின் கதை. ராபர்ட் வீன இயக்கியது. கதை ஹான்ஸ் யானோவிட்ஸ், கார்ல் மேயர். ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் மூவரும் சேர்ந்து கோணல்மாணலான வீடுகளையும் நிழல்களையும் துணியிலும் அட்டையிலும் வரைந்தே வைத்துவிட்டார்கள். விளக்கு போட்டு நிழல் உண்டாக்கவில்லை, நிழலையே வண்ணமாகத் தீட்டினார்கள். அந்தச் செட்டுக்குள் மனிதன் மாதிரி நடித்தால் ஒட்டாது. படத்தில் வரும் பாதிப்பேர் அப்படித்தான் ஒட்டாமல் நிற்கிறார்கள். ஒட்டியவர்கள் இருவர்தான், கலிகாரியாக வந்த வெர்னர் கிராவுஸும் தூக்கத்தில் நடக்கும் சீஸராக வந்த ஃபைட்டும். பெட்டியைத் திறந்ததும் அந்தக் கண்கள் மெல்ல மெல்லத் திறக்குமே, அதை ஓடும் படத்தில் பார்க்கவேண்டும். போஸ்டரில் பார்த்தால் பாதிதான்.

வானதி_கோவை:

நான் நாடகக் குழுவில் பிள்ளைகளுக்கு உடல்மொழி சொல்லித் தருகிறவள், அதனால் இதில் மூக்கை நுழைக்கிறேன்.

சீஸர் சுவரை ஒட்டி நடந்துபோகும் காட்சியைப் பாருங்க. ஒரு கையை மேலே நீட்டி, உடம்பைச் சுவரோடு தேய்த்துக்கொண்டு போவார். அந்தச் சுவரே ஒரு ஆளாக முளைத்து நகர்கிற மாதிரி இருக்கும். கறுப்பு உடுப்பு, ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லி. கை எங்கே முடிகிறது, வரைந்த கோடு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அப்புறம் கதாநாயகி ஜேனைக் கொல்லக் கத்தியை ஓங்கி, முகத்தைப் பார்த்ததும் நின்றுவிடுவார். அந்த இடத்தில் ஒரு தேம்பல்கூட இல்லை. கத்தி பிடித்த கைதான் முதலில் மனசு மாறுகிறது, முகம் அப்புறம்தான் அதற்கு ஒத்துப்போகிறது. இதை யாரும் கற்றுக்கொடுத்து வராது.

ஆர்லாக்கின் கைகள் (1924) பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? விபத்தில் கை போன பியானோக் கலைஞனுக்கு ஒரு கொலைகாரனின் கைகளைப் பொருத்திவிடுகிறார்கள். படம் முழுக்க அந்த மனுசன் தன் கையையே ஒரு அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். இயக்கம் அதே வீன. கதை இழுவைதான், நடுவில் கொட்டாவி வரும், மறைக்கவில்லை. கைகளுக்காகப் பார்க்கலாம்.

பாலு_ரிட்டயர்டு:

எல்லாரும் ஒரே பக்கமாகத் தூக்குகிறீர்கள், நான் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன். ஊமைப்படக் காலத்து அந்த முழி உருட்டல் எனக்கு நடிப்பாகவே படவில்லை. நாடக மேடையில் கடைசி வரிசைக்குத் தெரியவேண்டும் என்று செய்ததை அப்படியே காமிரா முன்னால் செய்திருக்கிறார்கள். அது ஒன்று.

இரண்டாவது, இழையின் கேள்வி. ஹாலிவுட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு நாஜி வேஷம் போட்டதில் என்ன தியாகம் இருக்கிறது? காசாபிளாங்காவுக்கு எம்ஜிஎம் இவரை வார்னர் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டது. வாரச் சம்பளம் என்று பார்த்தால் கதாநாயகன் ஹம்ஃப்ரி போகார்ட்டைவிட இவருக்கு அதிகம். ஹாலிவுட்டுக்கு ஜெர்மன் உச்சரிப்போடு ஒரு வில்லன் தேவைப்பட்டான், இவருக்கு வேலை தேவைப்பட்டது. வியாபாரம். அதற்கு மேல் ஏன் ஜோடிக்கவேண்டும்?

காமிக்ஸ் கந்தன்:

வந்துட்டேன் வந்துட்டேன்! ஜோக்கர் பத்தி இன்னும் யாரும் பேசலையா? பேட்மேன் ஜோக்கரோட சிரிப்பே இவர்கிட்டேருந்து வந்ததுதான். த மேன் ஹூ லாஃப்ஸ் (1928) ஸ்டில்லை கூகுள்ல போட்டுப் பாருங்க. காதுவரைக்கும் கிழிஞ்ச சிரிப்பு, மேலே தூக்கி வாரின முடி. 1940ல பேட்மேன் முதல் இதழ்ல வர்ற ஜோக்கர் அச்சு அசல் அதேதான். ஆக உலகத்துலயே பெரிய வில்லனுக்கு முகம் குடுத்தது இவர்.

நிழலாட்டம்:

கந்தன், முகம் கொடுத்தார், சரி. வில்லத்தனம் கொடுக்கவில்லை. அந்தப் படத்தில் அவர் வில்லனே கிடையாது!

விக்டர் ஹ்யூகோ நாவல். க்வின்ப்ளேன் என்ற பிரபு வீட்டுப் பிள்ளையை, அப்பன்மேல் இருந்த கோபத்தில் அரசன் பிடித்துக் கொடுக்க, முகத்தை அறுத்து நிரந்தரச் சிரிப்பை வைத்துவிடுகிறார்கள். அவன் வளர்ந்து சந்தையில் வேடிக்கை காட்டும் கோமாளியாகிறான். அவனை நேசிக்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. படம் முழுக்க அழுகிறான், வாய் மட்டும் சிரிக்கிறது. ஃபைட்டின் உதடுகளை இழுத்துப் பிடிக்கக் கொக்கி வைத்த பல்செட்டை மாட்டிவிட்டார்கள், அதோடு பேசவே முடியாது. ஆக முகத்தின் கீழ்ப்பாதி அவர் வசத்தில் இல்லை. மிச்சமிருந்தது கண்ணும் நெற்றியும். சில காட்சிகளில் துணியால் வாயை மூடிக்கொள்வார், அப்போது அந்தக் கண்களைப் பாருங்கள். பாலு சார், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இங்கே முழி உருட்டல் எதுவும் கிடையாது.

இயக்கியவர் பால் லேனி. அவரும் பெர்லினிலிருந்து போனவர்தான். வாக்ஸ்வொர்க்ஸ் (1924) படத்தில் ஃபைட்டை ரஷ்யாவின் கொடுங்கோல் ஜார் இவானாக நடிக்கவைத்ததும் லேனியே.

ஜோக்கரை யார் உருவாக்கியது என்பதில் பேட்மேன் காமிக்ஸ் ஓவியர்கள் பாப் கேனும் ஜெர்ரி ராபின்சனும் கடைசிவரை அடித்துக்கொண்டார்கள். சீட்டுக்கட்டு ஜோக்கரிலிருந்து வந்தது என்பது ராபின்சன் கட்சி. கதை எழுதிய பில் ஃபிங்கர் கொண்டுவந்து காட்டிய ஃபைட் புகைப்படத்திலிருந்து வந்தது என்பது கேன் கட்சி. அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்கவேண்டாம்.

காமிக்ஸ் கந்தன்:

அப்போ பரிதாபமான ஒருத்தன் முகத்தை எடுத்து கொலைகாரனுக்கு மாட்டிவிட்டாங்களா. இது தெரியாது. இன்னிக்கு ராத்திரி படம் பார்க்கிறேன்.

யாழ்மைந்தன்_பெர்லின்:

வணக்கம் எல்லாருக்கும். நான் இருக்கிறது பெர்லினிலைதான், அதாலை ஊர்ப் பக்கத்துச் செய்தி கொஞ்சம் சொல்லுறன்.

கலிகாரி எடுத்தது வைசன்சே எண்ட பகுதியிலை. அந்தக் காலத்திலை அங்கை ஸ்டூடியோக்கள் வரிசையாய் இருந்தது. இப்ப அங்கை ஒரு சின்னச் சந்திக்கு கலிகாரிபிளாட்ஸ் எண்டு பேர் வைச்சிருக்கினம். படம் முதல் ஓடின மார்மோர்ஹவுஸ் தியேட்டர் குர்ஃபூர்ஸ்டென்டாம் தெருவிலை. கட்டடம் இன்னும் நிக்குது, படம் ஓடுறேல்லை, உடுப்புக்கடை வந்திட்டுது. 1920 பெப்ரவரி 26 அங்கைதான் முதல் காட்சி.

நீங்கள் ஒருத்தரும் சொல்லாத ஒண்டு இருக்கு. கலிகாரிக்கு முதல் வருசம், 1919இலை, ஃபைட் ஒரு படம் நடிச்சவர். பேர் ஆண்டர்ஸ் ஆல்ஸ் டி ஆண்டர்ன். ஆணை விரும்புற ஆண் ஒருத்தனின்ரை கதை. வயலின் வித்துவான் பாவுல் கோர்னர், அவனை ஒருத்தன் மிரட்டிக் காசு பறிக்கிறான். வழக்குக்குப் போனால் மிரட்டினவனுக்கும் தண்டனை, இவனுக்கும் ஆணும் ஆணும் உறவு வைக்கிறதைக் குற்றமாக்கின 175ஆம் பிரிவிலை தண்டனை. மானம் போய், தொழில் போய், கடைசியிலை நஞ்சு குடிச்சுச் சாகிறான். ரிச்சர்ட் ஓஸ்வால்ட் எடுத்தது. கூட எழுதினதும், படத்துக்குள்ளை டாக்டராய் வந்து இது நோயுமில்லை குற்றமுமில்லை எண்டு கதைக்கிறதும் பாலியல் ஆராய்ச்சி செய்த டாக்டர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்.

1918 நவம்பர் புரட்சியோடை தணிக்கை இல்லாமல் போன அந்தக் கொஞ்ச இடைவெளியிலைதான் இது சாத்தியமானது. 1920இலை தணிக்கைச் சட்டம் திரும்பி வந்தவுடனை பொதுமக்களுக்குக் காட்டத் தடை போட்டினம். 1933இலை ஹிர்ஷ்ஃபெல்டின்ரை நிறுவனத்தை நாஜிகள் சூறையாடிப் புத்தகங்களை எரிச்சினம். படத்திலை இப்ப எங்களுக்குக் கிடைக்கிறது துண்டு துண்டாய்த்தான். அந்த 175ஆம் பிரிவு முழுசாய் நீங்கினது 1994இலை! அப்ப 1919இலை இருபத்தாறு வயசிலை, பேர் எடுக்கத் தொடங்கின நேரத்திலை, இந்த வேசத்தை ஏற்க எவ்வளவு துணிவு வேணும் எண்டு யோசியுங்கோ. பாலு ஐயா வியாபாரம் எண்டுறார். இது எந்த வியாபாரம்?

செகண்ட்ஷோ செல்வம்:

அண்ணே உங்க ஊர்ல இந்திய ராஜா வேஷமும் போட்டிருக்காராமே, அதைச் சொல்லுங்க.

யாழ்மைந்தன்_பெர்லின்:

ஓம், இந்தியக் கல்லறை, 1921. ஜோ மே எடுத்தது. தேயா ஃபொன் ஹார்போவின்ரை நாவல், திரைக்கதை அவவும் ஃப்ரிட்ஸ் லாங்கும். இரண்டு பாகம். பெர்லினுக்குக் கிழக்கை வோல்டர்ஸ்டோர்ஃப் எண்ட ஊரிலை பெரிய கோயில், அரண்மனை, புலிக்கூடு எல்லாம் கட்டி எடுத்தவை. ரான்ஸ்டோர்ஃப் ஸ்டேசனிலை இறங்கி டிராம் பிடிச்சுப் போகலாம். போனால் கோயிலும் இல்லை புலியும் இல்லை, ஏரியும் காடும்தான்.

மகாராஜா அயனாய் ஃபைட் வாறார். துரோகம் செய்த மனைவிக்கு உயிரோடை கல்லறை கட்ட ஐரோப்பாவிலையிருந்து கட்டடக் கலைஞன் ஒருத்தனைக் கூப்பிடுறார். யோகி, பாம்பு, தொழுநோயாளிகள், புலி. ஐரோப்பியன் இந்தியாவைக் கனவு கண்டால் என்னென்ன வருமோ அவ்வளவும் இருக்கு.

செகண்ட்ஷோ செல்வம்:

பாத்துட்டேன் அண்ணே, யூடியூப்ல கிடக்கு. எந்த ஊர் இந்தியாய்யா அது! கோயில் கோபுரத்தைப் பாத்தா கம்போடியாவும் கல்யாண மண்டப டெக்கரேஷனும் சேர்ந்த மாதிரி இருக்கு. ஆனா ராஜா மட்டும் சும்மா உக்காந்திருந்தாலே பயமா இருக்கு.

வானதி_கோவை:

முகத்தில் சாயம் பூசிக்கொண்டு இந்தியனாக வருவது இன்று பார்க்கச் சங்கடம்தான். அதைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த உட்கார்தலை மட்டும் கவனியுங்க. மற்றவர்கள் கையை ஆட்டி ஆட்டிக் கோபப்படும்போது இவர் அசையமாட்டார். ஜாஃபரிலும் அதுதான், ஸ்ட்ராஸரிலும் அதுதான். ஊமைப்படத்தில் உடம்பு முழுக்க நடித்தவர், பேசும்படம் வந்ததும் உடம்பைக் கட்டிப்போட்டுவிட்டார். பழைய நட்சத்திரங்கள் பலருக்கு அது வரவில்லை.

பாலு_ரிட்டயர்டு:

யாழ்மைந்தன் சொன்ன 1919 படத்துக்கு என் மரியாதை உண்டு. அதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் இன்னொன்று கேட்கிறேன், யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள். 1933 ஏப்ரலில் நாட்டை விட்டுப் போனார் என்கிறீர்கள். 1934இல் வெளியான ஜெர்மன் வில்லியம் டெல் படத்தில் வில்லன் கெஸ்லர் இவர்தானே? ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு, ஜெர்மனிக்குத் திரும்பிப் போய், நாஜிகள் கைதட்டிய ஒரு தேசபக்திப் படத்தில் நடித்திருக்கிறார். டெல்லின் மனைவியாக நடித்தவர் எம்மி சோன்னமன். அடுத்த வருஷம் நாஜித் தலைவர் கோயரிங்கைக் கல்யாணம் செய்துகொண்டவர்! கொள்கைக்காக ஊரை விட்டவர் ஏன் திரும்பிப் போனார்?

ரீல்பெட்டி:

நல்ல கேள்வி சார், இதை மழுப்பக்கூடாது. போனார், நடித்தார், அது உண்மை. அதே பயணத்தில்தான் மாட்டிக்கொண்டார் என்பதும் உண்மை.

நடந்தது இது. லண்டனில் கோமான்ட் பிரிட்டிஷ் கம்பெனி ஜ்யூ சூஸ் படத்துக்கு இவரை ஒப்பந்தம் செய்திருந்தது. லயன் ஃபாய்ஷ்ட்வாங்கர் நாவல். 1738இல் ஸ்டுட்கார்ட்டில் தூக்கிலிடப்பட்ட யூத நிதி அதிகாரி ஜோசப் சூஸ் ஓப்பன்ஹைமரின் கதை. யூதர்களைப் பரிவோடு காட்டும் படம். டெல் வேலை முடிந்தும் ஃபைட்டை ஜெர்மனி விடவில்லை. உடம்பு சரியில்லை, பயணம் செய்யமுடியாது என்று பதில் போனது. கம்பெனி தன் டாக்டரையே லண்டனிலிருந்து அனுப்பி ஆளைப் பார்க்கவைத்தது. ஆள் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகு வேறு வழியில்லாமல் விட்டார்கள். ஃபைட் வந்து ஜ்யூ சூஸில் நடித்தார், 1934இல் வெளிவந்தது. அதோடு ஜெர்மனியில் அவர் கதை முடிந்தது, அவர் படங்களுக்கு அங்கே இடமில்லை.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். அதே கதையை 1940இல் நாஜி பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் ஆட்கள் திரும்ப எடுத்தார்கள், தலைகீழாக. இயக்கியவர் ஃபைட் ஹார்லன். (பெயரில் "ஃபைட்" வருவதைப் பார்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அவர் வேறு ஆள்.) யூத வெறுப்பைக் கக்கும் படம். நாஜிகளின் எஸ்எஸ் படை ஆட்களும் போலீஸும் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று அந்தப் படைத் தலைவர் ஹிம்லர் உத்தரவு போட்டார். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட யூதப் பாத்திரங்களில், எல்லாவற்றையும் அருவருப்பாக, ஒருவரே நடித்திருக்கிறார். யார் தெரியுமா? வெர்னர் கிராவுஸ். கலிகாரியேதான்.

1920இல் ஒரே கூடாரத்துக்குள் நின்ற இரண்டு பேர். தூங்குகிறவனாக நடித்தவர் விழித்துக்கொண்டு வெளியே போனார், ஆட்டிவைத்தவராக நடித்தவர் உள்ளேயே இருந்து ஆட்டத்துக்கு உடன்பட்டார்.

நிழலாட்டம்:

கடைசி வரி கொஞ்சம் சினிமா வசனமாகிவிட்டது ரீல்பெட்டி, இருந்தாலும் விடமாட்டேன், மூன்றாவது ஆளையும் சேர்க்கிறேன். எமில் யானிங்ஸ். வாக்ஸ்வொர்க்ஸில் இவர்கள் மூவரும் உண்டு. யானிங்ஸ் ஹாரூன் அல் ரஷீத், ஃபைட் இவான், கிராவுஸ் கொலைகாரன் ஜாக்.

1929இல் முதன்முதலாக ஆஸ்கர் கொடுத்தபோது சிறந்த நடிகர் விருது வாங்கியவர் யானிங்ஸ். பேசும்படம் வந்ததும் ஆங்கில உச்சரிப்பு ஒத்துவராமல் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். நாஜி ஆட்சியில் அரசின் செல்லப்பிள்ளை, ஓம் க்ரூகர் (1941) மாதிரிப் பிரச்சாரப் படங்கள். போர் முடிந்ததும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1950 ஜனவரியில் ஆஸ்திரியாவில் காலமானார்.

இதில் குடும்பக் கதையும் உண்டு. ஃபைட்டின் முதல் மனைவி கஸ்ஸி ஹோல், பாடகி. 1922இல் பிரிந்தார்கள். பிறகு அவர் கட்டிக்கொண்டது யானிங்ஸை! இரண்டாவது மனைவி ஃபெலிசிடாஸ் ராட்கே, அந்தத் திருமணத்தில் 1925இல் பிறந்தவள் மகள் வியோலா. மூன்றாவதுதான் லில்லி. இவர் கடைசிவரை.

கிராவுஸுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் இன்னும் எரிச்சல் வரும். கொஞ்ச காலம் தடை, அபராதம், அப்புறம் மறுபடி மேடை. 1954இல் ஜெர்மன் மொழி நாடக உலகின் பெரிய கௌரவமான இஃப்லாண்ட் மோதிரமும் கிடைத்தது.

யாழ்மைந்தன்_பெர்லின்:

அந்த மோதிரக் கதையை இங்கை நாடகக்காரர் இண்டைக்கும் வாய்க்குள்ளைதான் கதைப்பினம்.

பாலு_ரிட்டயர்டு:

சரி, கிராவுஸோடு ஒப்பிட்டால் எவரும் உத்தமர்தான், அது பெரிய அளவுகோல் இல்லை. டெல் விஷயத்தில் ரீல்பெட்டி மழுப்பாமல் சொன்னது பிடித்தது. பிடிக்காதது, "அவரே தெரிந்து செய்த வேலை" என்பதற்கு இன்னும் ஆதாரம் வரவில்லை.

வானதி_கோவை:

பாலு சார், நான் முயற்சி செய்கிறேன்.

இங்கிலாந்தில் அவருக்கு வில்லன் வேஷம் மட்டும்தான் கிடைத்தது என்று நினைக்கவேண்டாம். அங்கே அவர் கதாநாயகன். டார்க் ஜர்னி (1937)இல் விவியன் லீக்கு ஜோடி. த ஸ்பை இன் பிளாக் (1939) பாருங்க, மைக்கேல் பவலும் எமெரிக் பிரஸ்பர்கரும் முதன்முதலாகச் சேர்ந்த படம். முதல் உலகப் போர் காலம், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவில் வந்திறங்கும் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன். எதிரிதான், ஆனால் பசித்தவன், களைத்தவன், காதலிக்கிறவன். அடுத்த உலகப் போர் தொடங்குவதற்குச் சில வாரம் முன்னால் லண்டனில் வெளியானது. ஜெர்மானியன் ஒருவனுக்காகப் பிரிட்டிஷ் ரசிகர்கள் உச்சுக்கொட்டினார்கள்! அடுத்த வருஷம் கான்ட்ராபாண்டில் நாஜி ஒற்றர்களைப் பிடிக்கும் டென்மார்க் கப்பல் கேப்டன், முழுநேர ஹீரோ, நகைச்சுவைகூட வரும்.

1939இல் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டார். சொந்தச் சேமிப்பைப் பிரிட்டிஷ் அரசின் போர்ச் செலவுக்குக் கொடுத்தார். அப்புறம்தான் அமெரிக்கா போனார். அதாவது நாஜி வேஷத்தைத் தவிர வேறு கதியில்லாத ஆள் இல்லை. லண்டனில் ஹீரோவாக இருந்தவர் ஹாலிவுட்டில் போய் வெறுக்கப்படுகிறவனாக நிற்கச் சம்மதித்தார். அதுவும் எப்படி நிற்கிறார்? ஸ்ட்ராஸர் கத்துவதே இல்லை. மரியாதையாகப் பேசி, மதுக்கோப்பையோடு உட்கார்ந்து, ஒரு உயிரின் விலையைப் பேரம் பேசுகிறான். கோமாளி நாஜிகளை நிறையப் படங்களில் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இவரைப் பார்த்துச் சிரிக்கமுடியவில்லை. எந்த ஆட்களைப் பார்த்து ஓடிவந்தாரோ, அவர்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படிச் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நிழலாட்டம்:

வானதி சொன்னதோடு ஒன்று. காசாபிளாங்காவில் ஸ்ட்ராஸர் துரத்துவது நாஜி எதிர்ப்புப் போராளி விக்டர் லாஸ்லோவை. அந்த வேஷத்தில் பால் ஹென்ரைட், ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர். 1940இல் லண்டனில் எதிரி நாட்டவன் என்று ஹென்ரைடை முகாமில் அடைக்கவோ நாடு கடத்தவோ இருந்தபோது, அவருக்காகப் பரிந்து பேசியவர் ஃபைட். படத்தில் யார் யாரைத் துரத்துகிறார், வெளியே யார் யாரைக் காப்பாற்றினார்!

அந்த மதுக்கடையில் இருக்கும் கூட்டத்தையும் பாருங்கள். பீட்டர் லோரே, சாகல், மார்செல் டாலியோ, மதலேன் லெபோ, கர்ட் போய்ஸ், எல்லாரும் ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்தவர்கள். ஜெர்மன் அதிகாரிகள் பாட ஆரம்பிக்க, மற்றவர்கள் பிரெஞ்சு தேசிய கீதத்தைப் பாடி அமுக்குவார்களே, அங்கே பலருக்கு அது நடிப்பு இல்லை. எதிர்ப்பக்கத்தில் யாராவது நின்றால்தான் அந்தக் காட்சி. அங்கே நின்றவர் இவர்.

ரீல்பெட்டி:

பாலு சாருக்கு என் கடைசி ஆதாரம், நாஜி ஏஜென்ட் (1942). ஜூல்ஸ் டாசின் இயக்கிய முதல் முழுநீளப் படம், பட்ஜெட் சின்னது. ஃபைட்டுக்கு இரட்டை வேஷம். ஒருவன் அமெரிக்காவில் குடியேறிவிட்ட, தபால்தலை விற்கும் சாதுவான ஜெர்மானியன். இன்னொருவன் அவன் இரட்டைப் பிறவி, நாஜி தூதரக அதிகாரி. கூடப்பிறந்தவன் என்றும் பார்க்காமல் நாஜி சாதுவை மிரட்ட, கைகலப்பில் நாஜி செத்துப்போகிறான். சாது அவன் உடுப்பை மாட்டிக்கொண்டு, அவன் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளிருந்தே ஒற்றர் கும்பலைக் கவிழ்க்கிறான்.

கதையில் ஓட்டைகள் உண்டு. ஆனால் ஃபைட் ஹாலிவுட்டில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அந்தக் கதை அப்படியே சொல்லிவிடுகிறது. உடம்பாலேயே இரண்டு பேரையும் பிரித்துக் காட்டுகிறார். ஒருவன் தோளைக் குறுக்கி நடக்கிறான், இன்னொருவன் நாடியைத் தூக்கிப் பார்க்கிறான். சாது நாஜியாக வேஷம் போட்டிருக்கும்போது அந்த நாடி ஒரு நொடி இறங்கி மறுபடி ஏறும், அங்கே நிறுத்திப் பாருங்கள்.

மீனா_ரா:

ரொம்ப நேரமா ஓரமா உக்காந்து படிச்சிட்டிருக்கேன். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்னு யாராவது சொல்லுங்களேன். ஊமைப்படம் நான் பார்த்ததே இல்ல.

நிழலாட்டம்:

த மேன் ஹூ லாஃப்ஸ். இசையோடு சேர்த்தே வெளியிட்ட படம், ஊமைப்படம் என்ற பயம் பத்து நிமிஷத்தில் போய்விடும். அப்புறம் கலிகாரி. சுத்தம் செய்து நிறம் சேர்த்த நல்ல பிரதி இருக்கிறது, இரவுக் காட்சிகள் நீலத்தில் வரும். யூடியூபில் கிடக்கும் மங்கல் பிரதியில் பார்த்தால் பாலு சார் கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். ஊமைப்படமே வேண்டாமென்றால் த ஸ்பை இன் பிளாக். முர்னாவ் இயக்கத்தில் ஜெக்கில்–ஹைட் கதையை யானுஸ்கோஃப் என்று 1920இல் நடித்திருக்கிறார், பின்னாளில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியும் உண்டு. அதைத் தேடி அலையாதீர்கள், பிரதி தொலைந்துவிட்டது.

பாலு_ரிட்டயர்டு:

நாஜி ஏஜென்ட் பார்க்கிறேன். கலிகாரி மறுபடி பார்க்கமாட்டேன். மீனா, ஸ்பை இன் பிளாக்கிலிருந்து ஆரம்பியுங்கள், இவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

செகண்ட்ஷோ செல்வம்:

மீனா அக்கா, ரெண்டு பேர் பேச்சையும் கேக்காதீங்க. தீஃப் ஆஃப் பாக்தாத். பறக்குற குதிரை, பாட்டிலுக்குள்ள பூதம், ஜாஃபர் கண்ணு. பொடுசுங்களையும் கூட உக்கார வைங்க.

காமிக்ஸ் கந்தன்:

பார்த்து முடிச்சுட்டேன். பிரபுக்கள் சபையில அவன் எழுந்து நிக்க, அத்தனை பேரும் அவன் வாயைப் பார்த்துச் சிரிக்கிறாங்க பாருங்க, அந்தக் காட்சி. ஜோக்கர் பத்தித் தனி இழை திறக்கிறேன், நிழலாட்டம் சண்டைக்கு அங்கே வரவும்.